மின்னஞ்சலில் பேட்ச் அனுப்புவது எப்படி: கமிட் முதல் இரண்டாம் பதிப்பு வரை

லினக்ஸ் கெர்னல், கிட் (நிரல் மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்து வைக்கும் கருவி), கியூஇமு போன்ற திட்டங்களுக்கு ஒரு திருத்தம் கொடுக்க வேண்டுமென்றால் அது மெயிலில் பேட்சாகத்தான் போய்ச் சேர வேண்டும். லாரி வால் 1985-ல் பேட்ச் என்ற நிரலை எழுதிய காலத்திலிருந்தே வேலை இப்படித்தான் நடக்கிறது. மாற்றத்தின் விளக்கமும், எந்தக் கோப்பில் எந்த வரி போய் எந்த வரி வந்தது என்ற விவரமும் ஒரே உரையாகப் பயணப்படும். பெறுபவர் அதை மெயிலிலேயே படித்து, வரிக்கு வரி கருத்துச் சொல்லி, பிடித்திருந்தால் ஒரே கட்டளையில் தன் ரெப்போவில் (நிரலும் அதன் வரலாறும் இருக்கும் சேமிப்பிடம்) ஏற்றிக்கொள்வார்.

ஆக, அந்த மெயிலைப் படிப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் மெயின்டெய்னர், அதாவது அந்தப் பகுதியின் பொறுப்பாளர், அவருக்கு மாற்றம் ஏன் தேவை என்று புரிய வேண்டும். இன்னொன்று கிட், அதற்கு ஒரு டேப் கூட ஸ்பேஸாக மாறாமல் வந்து சேர வேண்டும். புதிதாக அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இரண்டாவது இடத்தில்தான். திரையில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும், அந்தப் பக்கம் போய் ஏற்றும்போதுதான் உடையும். அதனால் மற்றவருக்கு அனுப்பும் முன் நமக்கே அனுப்பி, நாமே ஏற்றிப் பார்த்துவிட வேண்டும். அதைச் செய்யும் விதம் கீழே விரிவாக வருகிறது.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். குழப்பம் வராமலிருக்க, ஓரெழுத்துச் சுருக்கங்களை விட்டுவிட்டு முழுப் பெயருள்ள விருப்பங்களையே தந்திருக்கிறோம்.

எந்தப் பிராஞ்சின் மேல் வேலை செய்வது

முதல் கமிட்டுக்கு (கிட்டில் விளக்கத்தோடு பதியும் ஒரு மாற்றத்துக்கு) முன்பே இதை முடிவு செய்யுங்கள். கெர்னலில் ஒவ்வொரு பகுதிக்கும் தனி ரெப்போ உண்டு. வேர் அடைவில் இருக்கும் மெயின்டெய்னர்ஸ் என்ற கோப்பில் அந்தப் பகுதியின் பெயரைத் தேடினால், பொறுப்பாளர், மெயில் முகவரி, ரெப்போவின் முகவரி எல்லாம் கிடைக்கும். நெட்வொர்க்கிங் பகுதியில் திருத்தங்களுக்கு நெட், புதிய வசதிகளுக்கு நெட்-நெக்ஸ்ட் என்று இரண்டு ரெப்போக்கள். தவறான அடித்தளத்தில் எழுதினால், மாற்றம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அங்கே ஏறாது.

அடித்தளத்தைப் புதுப்பித்துவிட்டுத் தனிப் பிராஞ்ச் (வேலைக்கான கிளை) போடுங்கள்:

கிட் ஃபெட்ச் ஆரிஜின்
கிட் ஸ்விட்ச் --க்ரியேட் காலி-கோப்பு-திருத்தம் --ட்ராக் ஆரிஜின்/மாஸ்டர்

ட்ராக் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் எந்த அடித்தளத்திலிருந்து கிளம்பினோம் என்பதை கிட் தானாகக் கண்டுபிடித்துப் பேட்சில் எழுத, இந்தத் தொடர்பு தேவை.

ஒரு பேட்சில் ஒரு மாற்றம்

ஒரு பிழையைத் திருத்தப் போன இடத்தில் மாறியின் பெயரையும் மாற்றி, பக்கத்தில் இருந்த இன்டென்டேஷனையும் சரிசெய்து வைத்திருப்போம். மூன்றும் நல்ல வேலைதான், ஆனால் மூன்றும் ஒரே பேட்சில் வந்தால் படிப்பவருக்கு எது பிழைத் திருத்தம், எது அழகுபடுத்தல் என்று பிரித்தெடுப்பதே பெரும்பாடாகிவிடும். பழைய வெளியீடுகளுக்குத் திருத்தத்தை மட்டும் கொண்டுபோக நினைப்பவருக்கும் வழி இருக்காது.

கலந்து கிடப்பதைப் பிரிக்கக் கைவசம் இருக்கும் நல்ல கருவி:

கிட் ஆட் --பேட்ச்

இது மாற்றங்களைத் துண்டு துண்டாகக் காட்டி, ஒவ்வொன்றையும் சேர்க்கவா என்று கேட்கும். துண்டு பெரிதாக இருந்தால் அங்கேயே இன்னும் சின்னதாக உடைக்கச் சொல்லலாம். ஏற்கெனவே கமிட் ஆகிவிட்டிருந்தால் கிட் ரீபேஸ் --இன்டராக்டிவ் கொடுத்து, திறக்கும் பட்டியலில் அந்தக் கமிட்டின் வரியை எடிட் என்று மாற்றி, கமிட்டைக் கலைத்து மறுபடி பிரித்துப் போடுங்கள். ஒரு கோப்பை இடம் மாற்றுவதும் அதன் உள்ளே திருத்துவதும் எப்போதும் தனித்தனிக் கமிட்டாக இருக்கட்டும். சேர்ந்து வந்தால், பெயர் மாற்றத்தை கிட் அடையாளம் காணாமல் முழுக் கோப்பும் அழிந்து முழுக் கோப்பும் புதிதாக வந்ததுபோல் காட்டக் கூடும்.

தொடராகப் பல பேட்ச் போகும்போது இன்னொரு கட்டாயம் இருக்கிறது. ஒவ்வொரு பேட்சின் முடிவிலும் நிரல் கம்பைல் ஆக வேண்டும், ஓட வேண்டும். மூன்றாவதில் அழைக்கும் ஃபங்ஷனை ஐந்தாவதில் எழுதி வைத்தால், பின்னாளில் யாராவது கிட் பைசெக்ட் (பிழை எந்தக் கமிட்டில் வந்தது என்று வரலாற்றைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கட்டளை) மூலம் ஒரு பிழையைத் தேடும்போது நடுவில் மாட்டிக்கொள்வார். சரிபார்ப்பதற்கு ஒரே வரி போதும்:

கிட் ரீபேஸ் --எக்ஸெக் மேக் ஆரிஜின்/மாஸ்டர்

ஒவ்வொரு கமிட்டுக்குப் பின்னும் நிரலைக் கம்பைல் செய்யும் மேக் ஓடும், எங்கே உடைகிறதோ அங்கே நின்றுவிடும்.

கமிட் செய்தி

கமிட் செய்தியின் முதல் வரி மெயிலின் தலைப்பாகிவிடும், மீதி மெயிலின் உடலாகும். அதனால் இதை எழுதும்போதே ஒருவருக்குக் கடிதம் எழுதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பு வரி எந்தப் பகுதி என்ற சொல்லோடு தொடங்கி, முக்காற்புள்ளிக்குப் பின் என்ன செய்கிறது என்று சொல்லும். கெர்னலில் 70 முதல் 75 எழுத்துக்குள் நிறுத்த வேண்டும். எந்த முன்சொல் வழக்கில் இருக்கிறது என்று தெரியவில்லையா? அந்தக் கோப்புக்கு கிட் லாக் --ஒன்லைன் கொடுத்துப் பழைய பத்துக் கமிட்டுகளைப் பாருங்கள், பழக்கம் தெரிந்துவிடும். வினை ஏவலாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். “சரிசெய்தேன்”, “இந்தப் பேட்ச் சரிசெய்கிறது” என்றெல்லாம் இல்லாமல் “சரிசெய்” என்ற தொனி. தலைப்புக்குக் கீழே ஒரு காலி வரி கட்டாயம். அது இல்லையென்றால் முதல் பத்தி முழுவதையும் கிட் தலைப்பாக எடுத்துக்கொள்ளும்.

உடலில் சிக்கல் முதலில், தீர்வு பிறகு. நிறையப் பேர் டிஃப் (மாறிய வரிகளின் பட்டியல்) ஏற்கெனவே காட்டுவதையே திரும்பச் சொல்கிறார்கள். “நல் (மதிப்பே இல்லாத நிலை) சோதனை சேர்க்கப்பட்டது” என்பது டிஃபிலேயே தெரிகிறது. தெரியாதது எதுவோ அதை எழுத வேண்டும். ஒரு மாதிரி பாருங்கள். செய்தி ஆங்கிலத்தில்தான் போகும், பொருள் இப்படி இருக்கட்டும்:

கான்ஃபிக்: காலிக் கோப்பு வந்தால் படிக்காமல் திரும்பு

அமைப்புக் கோப்பு 0 பைட்டாக இருந்தால் ரீட்லைன் நல் தருகிறது. அதைச் சோதிக்காமல் நீளம் எடுக்கப் போவதால் நிரல் தொடங்கும்போதே செக்மென்டேஷன் ஃபால்ட் வருகிறது. டிஸ்க் நிரம்பிய நிலையில் கோப்பைச் சேமித்தால் இந்த 0 பைட் கோப்பு உருவாகிறது.

காலிக் கோப்பை அமைப்பே இல்லாததாகக் கருதி, இயல்பு மதிப்புகளோடு தொடர். பிழை காட்டி நிறுத்தாததற்குக் காரணம், கோப்பே இல்லாதபோதும் நிரல் இப்படித்தான் நடந்துகொள்கிறது.

இதில் நான்கு கேள்விக்கு விடை இருக்கிறது: என்ன நடக்கிறது, எப்போது நடக்கிறது, என்ன செய்தோம், வேறு வழியை ஏன் எடுக்கவில்லை. கடைசிக் கேள்விக்கு முன்கூட்டியே விடை எழுதிவிட்டால் ஒரு சுற்றுக் கடிதப் போக்குவரத்து மிச்சம். உடலின் வரிகளை 75 எழுத்தில் மடியுங்கள். பிழைச் செய்தியை அப்படியே ஒட்டும் இடத்தில் மட்டும் மடிக்கக் கூடாது, ஏனென்றால் அதை யாராவது தேடுவார்கள்.

முந்தைய ஒரு கமிட் கொண்டுவந்த பிழையென்றால் கீழே ஃபிக்ஸஸ் என்ற வரி வேண்டும். அதில் அந்தக் கமிட்டின் அடையாள எண்ணில் முதல் 12 எழுத்துகளும், அடைப்புக்குள் மேற்கோளிட்ட அதன் தலைப்பும் வரும். எவ்வளவு நீளமானாலும் இந்த வரியை மடிக்காதீர்கள். நிலையான வெளியீடுகளைப் பராமரிப்பவர்களின் ஸ்கிரிப்ட்டுகள் இதை ஒரே வரியாகத்தான் தேடுகின்றன.

கையொப்ப வரி

கிட் கமிட் --சைன்ஆஃப்

சைன்ட்-ஆஃப்-பை என்ற வரியில் பெயரும் மெயிலும் சேரும். இதை அலங்காரம் என்று எண்ணிவிட வேண்டாம். கெர்னலில் 2004-ல் வந்த டெவலப்பர் சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின் என்ற உறுதிமொழிக்கு, அதாவது இந்த நிரலை இந்த உரிமத்தில் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது என்பதற்கு, இந்த வரிதான் ஒப்பம். அது இல்லாத பேட்சை கெர்னலில் ஏற்க மாட்டார்கள். இன்னொருவரோடு சேர்ந்து எழுதியிருந்தால் கோ-டெவலப்ட்-பை என்று அவர் பெயரைப் போட்டு, அதற்கு நேர் கீழேயே அவருடைய சைன்ட்-ஆஃப்-பை வர வேண்டும். அவரைக் கேட்காமல் அவர் பெயரில் ஒப்பம் போடவே கூடாது.

பேட்ச் கோப்புகளை எடுப்பது

கிட் ஃபார்மேட்-பேட்ச் --அவுட்புட்-டைரக்டரி=அனுப்ப --பேஸ்=ஆட்டோ --கவர்-லெட்டர் ஆரிஜின்/மாஸ்டர்

ஆரிஜின்/மாஸ்டருக்குப் பின் வந்த கமிட் ஒவ்வொன்றும் 0001, 0002 என்று எண் தாங்கிய ஒரு கோப்பாக “அனுப்ப” அடைவில் விழும். ஒரே ஒரு பேட்ச் என்றால் கவர்-லெட்டரை விட்டுவிடுங்கள். ஒன்றுக்கு மேல் போனால் அந்த விருப்பத்தால் 0000 என்ற முகப்புக் கடிதம் கிடைக்கும். அதில் தலைப்பு, உடல் என்று இரண்டு இடங்கள் பெரிய எழுத்தில் நிரப்பச் சொல்லிக் காத்திருக்கும். அவற்றை மறந்துவிட்டு அனுப்பப் பார்த்தால் சென்ட்-ஈமெயில் தலைப்பைப் பார்த்துத் தடுத்துவிடும். ஆனாலும் கையால் ஒருமுறை பார்த்துக்கொள்வதே நல்லது.

0001 கோப்பைத் திறந்து ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். முதல் வரியில் கமிட்டின் அடையாள எண்ணும் 2001 செப்டம்பர் 17 என்ற தேதியும் இருக்கும். பலரும் இதைப் பார்த்துக் கணினியின் கடிகாரம் கெட்டுவிட்டதோ என்று பதறுவார்கள். அது எல்லாப் பேட்சிலும் மாறாமல் வரும் அடையாளம்தான். இந்தக் கோப்பு ஃபார்மேட்-பேட்ச் எடுத்தது என்று மற்ற நிரல்கள் தெரிந்துகொள்ள வைத்தது. உண்மையான தேதி அதற்குக் கீழே இருக்கிறது. பிறகு தலைப்பு, கமிட் செய்தி, அதன்பின் மூன்று கோடுகள் மட்டும் கொண்ட ஒரு வரி.

அந்த மூன்று கோடுகள் மிகவும் பயனுள்ளவை. அவற்றுக்கு மேலே இருப்பது நிரந்தரமாக வரலாற்றில் சேரும். கீழே, டிஃப் தொடங்கும் வரை நீங்கள் எழுதுவது மெயிலைப் படிப்பவருக்கு மட்டும் தெரியும், ஏற்றும்போது கிட் அதை உதறிவிடும். எந்த வன்பொருளில் சோதித்தீர்கள், எதில் உங்களுக்கு உறுதியில்லை, முந்தைய பதிப்பிலிருந்து என்ன மாறியது என்பதெல்லாம் இங்கே போக வேண்டும். இதே காரணத்தால் கமிட் செய்தியின் நடுவில் அழகுக்காக மூன்று கோடு போட்டுவிடாதீர்கள். அதற்குக் கீழே இருக்கும் விளக்கம் முழுக்கக் காணாமல் போய்விடும்.

அடுத்து டிஃப். ஒவ்வொரு துண்டின் தலையிலும் இப்படி ஒரு வரி இருக்கும்:

@@ -41,6 +41,7 @@

பழைய கோப்பில் 41-ஆம் வரியிலிருந்து 6 வரிகள், புதியதில் 41-லிருந்து 7 வரிகள் என்று பொருள். மேலே 3 வரி, கீழே 3 வரி மாறாத சுற்றுப்புறம், நடுவில் கூட்டல் குறியோடு ஒரு புதிய வரி. மாறாத வரிகள் ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு ஸ்பேஸ் இருக்கிறது. அது வெறும் இடைவெளியாகத் தெரிந்தாலும், இது மாறாத வரி என்று சொல்லும் குறி. பேட்ச் கோப்பிலேயே ஒரு கூட்டல் வரியைக் கையால் சேர்த்துவிட்டு 7-ஐ 8 ஆக்க மறந்தால், கரப்ட் பேட்ச் என்று கிட் மறுத்துவிடும். எனவே டிஃப் பகுதியில் கை வைக்கவே வேண்டாம். எழுத்துப்பிழையாக இருந்தாலும் கமிட்டுக்குப் போய்த் திருத்தி, கோப்பை மறுபடி எடுங்கள்.

அனுப்பும் முன் சோதனை

கிட் டிஃப் --செக் ஆரிஜின்/மாஸ்டர் கொடுத்தால் வரி முடிவில் ஒட்டியிருக்கும் வீண் ஸ்பேஸ்களைக் காட்டிக்கொடுக்கும். கெர்னலில் ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் உள்ள செக்பேட்ச் நிரலையும் ஓட்டுங்கள். அது சொல்லும் எரர்களை எல்லாம் சரிசெய்துவிடுங்கள். வார்னிங்கில் மட்டும் கொஞ்சம் யோசனை தேவை. வரி நீளம் பற்றிய எச்சரிக்கைக்காக ஒரு பிழைச் செய்தியை இரண்டாக வெட்டினால் நிரல் மோசமாகும்.

யாருக்கு அனுப்புவது என்பதை அதே அடைவில் இருக்கும் கெட்_மெயின்டெய்னர் சொல்லும். பேட்ச் கோப்பைக் கொடுத்தால் முகவரிப் பட்டியல் வரும். பொறுப்பாளர்கள் டூ-வில், பொது முகவரிகள் (பலருக்கும் போய்ச் சேரும் மெயிலிங் லிஸ்ட்) சிசி-யில். அந்தக் கோப்பை என்றோ ஒருமுறை தொட்டவர்களையும் சில சமயம் அது பட்டியலில் சேர்க்கும். அவர்களை விட்டுவிடலாம்.

மெயில் அமைப்பு

வழக்கமாகக் கடிதம் எழுதும் மெயில் செயலியில் பேட்சை ஒட்டி அனுப்புவது ஆபத்து. ஜிமெயிலின் பிரவுசர் பக்கம் டேப்களை ஸ்பேஸாக்கி, நீண்ட வரிகளை மடிக்கிறது. தண்டர்பேர்டும் தனியாக அமைப்பு மாற்றாவிட்டால் மடித்துவிடும். கிட்டின் சொந்த அனுப்பியான சென்ட்-ஈமெயில் எதையும் தொடாமல் அனுப்பும். டெபியன், உபுண்டு, ஃபெடோராவில் இது கிட்-ஈமெயில் என்ற தனிப் பேக்கேஜ். “சென்ட்-ஈமெயில் என்ற கட்டளையே இல்லை” என்று வந்தால் அதை நிறுவவில்லை என்று அர்த்தம்.

கிட் கான்ஃபிக் --குளோபல் மூலம் சென்ட்ஈமெயில் என்ற தலைப்பின் கீழ் நான்கு மதிப்புகள் வையுங்கள்: எஸ்எம்டிபிசர்வர், எஸ்எம்டிபிசர்வர்போர்ட், எஸ்எம்டிபிஎன்கிரிப்ஷன், எஸ்எம்டிபியூசர். போர்ட் 587 என்றால் என்கிரிப்ஷன் டிஎல்எஸ், 465 என்றால் எஸ்எஸ்எல். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் இணைப்பு அமையாது, சில சமயம் பதிலே இல்லாமல் தொங்கி நிற்கும், பலர் அதை நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து நேரம் வீணாக்குகிறார்கள். இருபடிச் சரிபார்ப்பு வைத்த ஜிமெயில் கணக்கில் வழக்கமான பாஸ்வேர்டு செல்லாது. கணக்கு அமைப்பில் ஆப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும், 16 எழுத்து இருக்கும். அதைக் கான்ஃபிக் கோப்பில் எழுதி வைக்காதீர்கள். விட்டுவிட்டால் கிட் கேட்கும், அல்லது கிரெடென்ஷியல் ஹெல்ப்பரிடமிருந்து (பாஸ்வேர்டைப் பாதுகாத்துத் தரும் துணை நிரல்) எடுத்துக்கொள்ளும். பெறுநர் முகவரியையும் குளோபலில் வைக்க வேண்டாம். ஒரு திட்டத்தின் பேட்ச் இன்னொரு திட்டத்துக்குப் போய்விடும்.

அலுவலக மெயில் சர்வர் வழியாக அனுப்புபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். “இந்தக் கடிதம் இரகசியமானது” என்ற அடிக்குறிப்பைச் சர்வரே ஒட்டிவிடும். பொது இடத்துக்குப் போகும் பேட்சில் அந்த வாசகம் இருந்தால் பல மெயின்டெய்னர்கள் தொடவே மாட்டார்கள். அப்படிப்பட்ட சர்வர் என்றால் வேறு கணக்கிலிருந்து அனுப்புவதே வழி. அனுப்பும் முகவரி ஆசிரியரின் முகவரியிலிருந்து வேறுபட்டால், மெயில் உடலின் முதல் வரியில் ஃப்ரம் என்று உண்மையான ஆசிரியரை சென்ட்-ஈமெயில் தானே சேர்த்துவிடும். கமிட் சரியான பெயரிலேயே ஏறும்.

நமக்கே அனுப்பிப் பார்ப்பது

கிட் சென்ட்-ஈமெயில் --டூ=உங்கள்-முகவரி --சப்ரஸ்-சிசி=ஆல் அனுப்ப/*

சப்ரஸ்-சிசி=ஆல் என்பதை மறக்கவே கூடாது. அது இல்லாவிட்டால் கமிட் செய்தியில் ரிவ்யூட்-பை (படித்துச் சரிபார்த்தவர்), சிசி என்று யார் பெயர் இருக்கிறதோ அவர்களுக்கும் சோதனை மெயில் போய்விடும். சந்தேகமிருந்தால் முதலில் --ட்ரை-ரன் சேர்த்து ஓட்டுங்கள். எதையும் அனுப்பாமல் யாருக்குப் போகும் என்று மட்டும் காட்டும்.

மெயில் வந்ததும் அதன் மூல வடிவத்தைக் கோப்பாகச் சேமியுங்கள். திரையில் தெரிவதைக் காப்பி செய்தால் சோதனைக்கே அர்த்தமில்லை. பிறகு அதே அடித்தளத்தில் ஒரு புதுப் பிராஞ்ச் போட்டு, கவர்-லெட்டரைத் தவிர மற்றவற்றை வரிசையாக ஏற்றுங்கள்:

கிட் ஸ்விட்ச் --க்ரியேட் சோதனை ஆரிஜின்/மாஸ்டர்
கிட் ஏஎம் வந்த-மெயில்-கோப்பு
கிட் டிஃப் காலி-கோப்பு-திருத்தம்

கடைசிக் கட்டளை எதுவும் காட்டாமல் திரும்பினால் நிரல் எழுத்து மாறாமல் வந்திருக்கிறது. செய்தியும் முழுதாக வந்ததா என்று பார்க்க, கமிட் தொடர்களை ஒப்பிடும் கிட் ரேஞ்ச்-டிஃப்பில் ஆரிஜின்/மாஸ்டரையும் அதற்குப் பின் இரண்டு பிராஞ்சுகளையும் கொடுங்கள். ஒவ்வொரு கமிட்டுக்கும் நடுவில் சமக்குறி தெரிய வேண்டும்.

ஏறவில்லை என்றால் பிழைச் செய்தியே காரணத்தைச் சொல்லிவிடும். கரப்ட் பேட்ச் என்று ஒரு வரி எண்ணோடு வந்தால், அந்த இடத்தில் ஒரு நீண்ட வரி இரண்டாக மடிந்திருக்கிறது, அல்லது முன்னால் இருந்த ஸ்பேஸ் தின்னப்பட்டிருக்கிறது. பேட்ச் டஸ் நாட் அப்ளை என்று வந்தால் வடிவம் சரி, உள்ளடக்கம் பொருந்தவில்லை. அடித்தளம் வேறு, அல்லது டேப் ஸ்பேஸாகிவிட்டது. ஸ்பேஸ்களையும் டேப்களையும் வேறுபடுத்திக் காட்டும் எடிட்டரில் இரண்டு கோப்பையும் பக்கத்தில் வைத்தால் உடனே தெரியும். பாதியில் நின்ற ஏஎம்-ஐக் கிட் ஏஎம் --அபார்ட் கொடுத்து விலக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

எல்லாம் சரியென்றால் உண்மையான டூ, சிசி முகவரிகளோடு அதே கட்டளை. கெர்னலில் ஒரே நேரத்தில் 15 பேட்சுக்கு மேல் அனுப்பாமலிருப்பது நல்லது. அதற்கு மேல் இருந்தால் தனியாக நிற்கக் கூடிய பகுதியை முதலில் பிரித்தனுப்புங்கள். சில திட்டங்களின் பழக்கம் வேறு. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் பேட்சை இணைப்பாகத்தான் (அட்டாச்மென்ட்) அனுப்புவார்கள், கெர்னலில் இணைப்பே கூடாது. அந்தந்தத் திட்டத்தின் விதியை முதலில் படியுங்கள்.

பதிலும் இரண்டாம் பதிப்பும்

பதில் வர இரண்டு மூன்று வாரம் கூட ஆகும். குறைந்தது ஒரு வாரமாவது பொறுத்துவிட்டு நினைவூட்டுங்கள். கருத்து வந்தால் ஒவ்வொன்றுக்கும் அதற்கு நேர் கீழேயே பதில் எழுதி, தேவையற்ற மேற்கோளை வெட்டிவிடுங்கள். ஒப்புக்கொள்ளாத கருத்துக்கும் காரணத்தோடு பதில் வேண்டும். சொன்னதைக் கண்டுகொள்ளாமல் அடுத்த பதிப்பை அனுப்பினால், படித்துக் கருத்துச் சொன்னவர் இன்னொரு முறை உங்கள் பேட்சைத் திறக்கத் தயங்குவார்.

திருத்தங்களைப் பழைய பேட்சுகளின் மேல் புதுக் கமிட்டாக அடுக்காதீர்கள். எந்தக் கமிட்டில் தவறு இருந்ததோ அதற்குள்ளேயே சேர வேண்டும்:

கிட் கமிட் --ஃபிக்ஸப்=கமிட்-எண்
கிட் ரீபேஸ் --இன்டராக்டிவ் --ஆட்டோஸ்குவாஷ் ஆரிஜின்/மாஸ்டர்

ரீபேஸுக்கு முன் பழைய நிலைக்கு ஒரு பெயர் கொடுத்து வையுங்கள், கிட் டேக் முதல்-பதிப்பு என்று. அப்போதுதான் இரண்டு பதிப்புக்கும் இடையிலான வித்தியாசத்தை முகப்புக் கடிதத்தில் தானாகச் சேர்க்க முடியும்:

கிட் ஃபார்மேட்-பேட்ச் --ரீரோல்-கவுண்ட்=2 --கவர்-லெட்டர் --பேஸ்=ஆட்டோ --ரேஞ்ச்-டிஃப்=முதல்-பதிப்பு --அவுட்புட்-டைரக்டரி=அனுப்ப2 ஆரிஜின்/மாஸ்டர்

தலைப்புகளில் வி2 என்று சேரும். அடைவின் பெயர் மாறியிருப்பதைக் கவனியுங்கள். ஒரே அடைவில் எடுத்துவிட்டு நட்சத்திரக் குறி போட்டு அனுப்பினால் பழைய பதிப்பும் சேர்ந்தே போய்விடும். என்ன மாறியது என்பதைச் சொந்த வார்த்தைகளில், யார் சொல்லி மாற்றியது என்பதோடு, மூன்று கோடுகளுக்குக் கீழே அல்லது முகப்புக் கடிதத்தில் எழுதுங்கள்.

யாராவது ரிவ்யூட்-பை, டெஸ்டட்-பை கொடுத்திருந்தால் அந்த வரிகளை அடுத்த பதிப்பில் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். கெர்னலுக்காக எழுதப்பட்ட பி4 என்ற கருவி இவற்றை மெயில்களிலிருந்து திரட்டிக் கமிட்டுகளில் சேர்த்துத் தரும். ஆனால் பேட்சின் உள்ளடக்கம் கணிசமாக மாறியிருந்தால் பழைய ரிவ்யூட்-பை-யை எடுத்துவிட்டு, எடுத்ததையும் சொல்லுங்கள். அவர் பார்க்காத நிரலின் மேல் அவர் பெயர் இருக்கக் கூடாது.

புதிய பதிப்பைப் பழைய மெயிலுக்குப் பதிலாக அனுப்புவதா, தனியாக அனுப்புவதா? பல பேட்ச் கொண்ட தொடரென்றால் கெர்னலில் தனியாக அனுப்பி, முதல் பதிப்பு இருக்கும் வலை முகவரியை முகப்புக் கடிதத்தில் கொடுக்கிறார்கள். கிட் திட்டத்தில் --இன்-ரிப்ளை-டூ கொடுத்துப் பழைய முகப்புக் கடிதத்தின் கீழேயே தொங்கவிடுகிறார்கள். எதுவானாலும், வி2-வையும் முதலில் உங்களுக்கே அனுப்பி ஏற்றிப் பாருங்கள். கமிட்டுகள் இடம் மாறியிருக்கும் என்பதால், ஒவ்வொன்றும் தனியாகக் கம்பைல் ஆகிறதா என்ற சோதனையையும் மறுபடி ஓட்ட வேண்டும்.